சாப்பாடு எப்ப வரும்

கதிரடிக்கிற மெஷின் வருகிறது என்று புருஷன் நிகிஃபோர் வந்து சொன்னபோது லுக்கேரியா பசுவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். மடியை விட்டுக் கையை எடுக்காமலே யாருடைய மெஷின் என்று கேட்டாள். டன்பாருடையது என்றான். அவள் கை நின்றது.

அந்த வருஷம் கோதுமையில் துருநோய் விழுந்திருந்தது. ஜூலை வரைக்கும் பயிர் இடுப்பளவு நின்று, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் கண் வைக்கும்படி இருந்தது. அப்புறம் ஒரு வாரம் ஈரக்காற்று அடித்தது. வயலுக்குள் போய்வந்தால் பாவாடை ஓரமெல்லாம் செங்கல்பொடி அப்பினாற்போல் ஆயிற்று. மணி பால் பிடிக்காமல் சுருங்கிச் சீரகமாகிவிட்டது. ஆனாலும் குளிர்காலத்து ரொட்டி அதுதான், அடுத்த விதைப்புக்கு விதையும் அதுதான். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் மழையில்லாமல் பொய்த்துப் போயிருந்ததால் களஞ்சியத்தைப் பெருக்கி வழித்தாலும் ஒரு சாக்கு தேறாது. இதுவும் கைக்கு வரவில்லை என்றால் நிலத்தை விட்டுவிட்டுக் கிளம்பவேண்டியதுதான் என்று நிகிஃபோர் சொல்லியிருந்தான். எங்கே கிளம்புவது என்று அவன் சொல்லவில்லை.

கடல் தாண்டி வந்து அந்தப் பக்கம் குடியேறிய டுகோபோர் என்கிற மதக்கூட்டத்துச் சனங்கள் ஆறு குடும்பம் சேர்ந்து ஒரு பழைய மெஷின் வைத்திருந்தார்கள். அதில்தான் எல்லார் கதிரும் அடிபடும். அந்தந்த வீட்டுப் பெண்கள் சமைப்பார்கள், சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் சொந்தபந்தம், சாப்பாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவேண்டியிருந்ததில்லை. அந்த வருஷம் மெஷினின் உருளை விரிசல் விட்டுப் பிளந்துபோனது. மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் துருப்பிடித்த பயிரை அடித்து என்ன ஆகப்போகிறது என்று வயலில் மாட்டை அவிழ்த்து மேயவிட்டுவிட்டார்கள். நிகிஃபோரின் மேட்டு வயலில் மட்டும் கொஞ்சம் மணி இருந்தது. அவன் நாலைந்து தடவை, கூலிக்கு மெஷின் ஓட்டுகிற இங்கிலீஷ்காரர் டன்பார் வீட்டு வாசலில் போய் நின்றான். கடைசியில் டன்பார், மெக்கின்னன் வயலுக்குப் போகிற வழிதானே, அங்கே கதிர் காய்கிற வரைக்கும் இங்கே அடிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். கூலியைத் தானியமாகவே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஆனால் ஆட்களுக்கு நல்ல சாப்பாடு போடவேண்டும், அதில் மட்டும் குறை வரக்கூடாது என்றார்.

மெஷின் எந்த வயலில் நிற்கிறதோ அந்த வீட்டில்தான் ஆட்களுக்குச் சாப்பாடு. மழை பிடித்து வேலை நின்றாலும் அப்படித்தான். ஈரம் காய்கிற வரைக்கும் அத்தனை பேரும் அந்த வீட்டுக் கொட்டகையிலேயே கிடப்பார்கள், மூன்று வேளையும் போட்டாகவேண்டும். அதனால் எந்த வீட்டில் எப்படிச் சமைப்பார்கள் என்பது வேலை தொடங்குவதற்கு முன்பே ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். டுகோபோர் வீட்டுச் சமையல் மட்டும் அவர்களுக்குத் தெரியாது. யாரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

மெஷின் வருவதற்கு முந்தின நாள் டன்பார் வயலைப் பார்க்க வந்தவர் வாசலில் நின்ற மவ்ராவிடம், ஆட்களுக்கு உங்கம்மா என்ன ஆக்கப்போகிறாள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மவ்ரா லுக்கேரியாவின் ஒரே மகள், பதினேழு வயது. அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தது அவளுக்குத்தான். அம்மா ஆக்கப்போவது கிழங்கும் முட்டைக்கோஸும் பாலாடையும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுகிற போர்ஷ்ட், அந்தப் பேரைச் சொன்னால் அவருக்குப் புரியாது. அதற்கு இங்கிலீஷில் வேறு வார்த்தையும் கிடையாது. அவள் கொஞ்சம் யோசித்து, சூப் என்றாள். அவர் தலையாட்டினார். அப்புறம் என்ன என்று கேட்டார். ரொட்டி என்றாள். கூச்சப்படுகிற பெண் என்று நினைத்துக்கொண்டு அவர் மேலே கேட்காமல் போய்விட்டார்.

நிகிஃபோரின் அக்கா மலான்யா, புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். வீட்டில் பாதி வேலை அவள் கையால் நடக்கும், பாதி அவள் வாயால் நடக்கும். என்ன போடப்போகிறாய் என்று அவள் லுக்கேரியாவைக் கேட்கவே இல்லை. எவ்வளவு பாலாடை இருக்கிறது என்றுதான் கேட்டாள்.

"ஒரு வாரத்துது எடுத்து வச்சிருக்கேன். வெண்ணெயா அடிக்கலாம்னு இருந்தேன்."

"அடிக்காத லுஷா. அப்படியே ஊத்து. கல்யாணத்துக்குப் போடுற மாதிரி போடு. நாளைக்கு அந்த இங்கிலீஷ்காரனுவ எந்திரிச்சுப் போறப்ப நடக்க முடியாம நடக்கணும்."

கல்யாணமோ சாவோ, கூட்டு ஜெபமோ, அந்தச் சனத்துக்குப் போர்ஷ்ட் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அது அவர்களுக்குச் சாப்பாட்டின் ஆரம்பம் அல்ல, சாப்பாடே அதுதான். கறி மீன் எதையும் அவர்கள் தொடுவதில்லை. லுக்கேரியாவின் அப்பா பழைய தேசத்தில் போருக்குப் போகமாட்டேன் என்று துப்பாக்கியை நெருப்பில் போட்டுவிட்டுச் சாட்டையடி வாங்கிய மனிதர். உயிரைக் கொல்லாதவன் உயிரைத் தின்னவும் கூடாது என்று அன்றைக்கு விட்டவர்கள், கடல் தாண்டி இந்தப் புல்வெளிக்கு வந்த பிறகும் விடவில்லை. வீட்டில் கோழிகள் இருந்தன, முட்டைக்கு. முட்டை இடுவது நின்ற கோழி தானாகச் சாகிற வரைக்கும் முற்றத்தில் திரியும்.

விடியுமுன்பே அடுப்பு மூட்டினார்கள். லுக்கேரியா உருளைக்கிழங்கை முழுசாக அண்டாவில் போட்டு, கூடவே தோல் சீவிய ஒரு பீட்ரூட்டையும் நிறத்துக்காகப் போட்டாள். கிழங்கு வெந்ததும் வெளியே எடுத்து, பாலாடையும் வெண்ணெயும் விட்டு மசித்துத் திரும்ப அண்டாவில் கரைத்தாள். மலான்யா மலைபோல் முட்டைக்கோஸ் நறுக்கினாள். பாதியை வெண்ணெயில் தக்காளியோடு போட்டுச் சுருள வதக்கினார்கள், மீதியை நறுக்கென்று பல்லில் படும்படி கடைசியில் சேர்த்தார்கள். அதற்கு மேல் சதகுப்பைக் கீரை. லுக்கேரியா மரக்கரண்டியில் எடுத்து ஊதி ருசி பார்த்தாள், உப்புப் போட்டாள், மறுபடி பார்த்தாள், இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள். மலான்யாவும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மேட்டு வயலில் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. டிராக்டரிலிருந்து நீளமான பெல்ட் அதற்கு ஓடியது. அறுத்த கதிர்க்கட்டுகளைக் கூம்பு கூம்பாகச் சாய்த்து நிறுத்தியிருந்த வயலுக்குள் குதிரை வண்டிகள் போய், ஆட்கள் கவைக்கோலால் கட்டுகளைக் குத்தித் தூக்கி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மெஷினின் வாயில் கட்டு விழ விழ, மறுபக்கம் குழாய் வழியாக வைக்கோல் பீய்ச்சிக்கொண்டு விழுந்தது. வழக்கமாகப் பொன்னிறத்தில் எழும்புகிற தூசி அன்றைக்குச் சிவப்பாக எழும்பியது. ஆட்களின் இமை, மூக்கு, கழுத்து மடிப்பு எல்லாம் துரு. தானியம் விழுகிற வாயில் கையை நீட்டிப் பார்த்த நிகிஃபோர் உள்ளங்கையை ஊதினான். பாதி பறந்தது. மீதி இருந்ததை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாக்கிலேயே போட்டான்.

மத்தியானம் ஆட்கள் வந்தார்கள். தொட்டித் தண்ணீரில் முகம் கழுவி, ஈரக்கையால் தலையை வாரிக்கொண்டு, பீப்பாய்களின் மேல் பலகை போட்டு அமைத்த மேஜையில் பதினாலு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ரொட்டியும் உப்பும் ஒரு கூஜா தண்ணீரும் இருந்தன. நிகிஃபோர் நின்று ஜெபம் சொன்னான். அவர்களும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். லுக்கேரியா ஆழமான கிண்ணங்களில் விளிம்பு வரைக்கும் ஊற்றினாள்.

சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். ஒருத்தன் ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டதை லுக்கேரியா பார்த்தாள். மனசு குளிர்ந்துபோனது. அகப்பையோடு இரண்டாவது சுற்றுக்குப் போனாள். ஆனால் ஒவ்வொருவனும் கிண்ணத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, போதும் போதும் என்று தலையாட்டினான். வயிறு நிறைந்துவிட்டது போலும் என்று நினைத்தாள். ஒரு கிண்ணத்திலேயே.

அப்புறம் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் கரண்டியைத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். இரண்டு பேர் மேற்கே பார்த்து மேகத்தைப் பற்றி என்னவோ பேசினார்கள். வயலில் குதிரைகள் நின்றபடி நின்றன. நிகிஃபோருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் எழுந்தால்தான் அவனும் எழ முடியும். சமையலறை ஜன்னலில் மலான்யா லுக்கேரியாவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏன் உக்காந்திருக்கானுவ?"

"எளைப்பாறுறாங்க போல அக்கா."

"அடுத்தவன் வயல்ல என்ன எளைப்பாறல். ஜெபம் முடிக்கணும்னு காத்திருக்கானோ என்னமோ. போய்ச் சொல்லச் சொல்லு நிகிஃபோர."

டன்பார்தான் கடைசியில் மவ்ராவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். குரலைத் தணித்துத்தான் கேட்டார்.

"சூப் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லும்மா. சாப்பாடு எப்ப வரும்?"

மவ்ராவின் முகம் காதுவரைக்கும் சிவந்தது. அவள் அம்மாவைப் பார்த்தாள். லுக்கேரியா ஜன்னலில் நின்று, என்ன சொல்கிறார் என்று கண்ணால் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்களின் சாப்பாட்டு டப்பாவை ஓரக்கண்ணால் பார்த்து வளர்ந்தவள் மவ்ரா. சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்கிற சூப் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், ஒரு வார்த்தையில் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் இங்கிலீஷில், அவ்வளவுதான் சார், அதுதான் சாப்பாடு என்றாள். மேஜையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மெதுவாக ஒருத்தன் தன் கிண்ணத்தை நீட்டினான். அப்படியானால் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல் என்றான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் நீட்டினார்கள். மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். நடுத்தர வயசுக்காரன் ஒருத்தன், கிளெம் என்று பெயர், பலகையிலிருந்து காலை எடுத்து வெளியே போட்டவன் போகாமல் மவ்ராவிடம் பேசினான்.

"உங்கம்மாவ நான் குத்தம் சொல்லல பாப்பா. ருசியாத்தான் இருந்துச்சு. ஆனா போன ரெண்டு குளிர்காலமும் வேலையில்லாம வின்னிபெக் டவுன்ல தர்ம சூப்புக்கு வரிசைல நின்னவன் நான். கைல ஒரு தகரக் குவளை. முன்னாடி நிக்கிறவன் முதுகையே பாத்துக்கிட்டு நிக்கணும். ஊத்துறவ நம்ம மூஞ்சியக்கூடப் பாக்கமாட்டா. வேலைன்னு ஒண்ணு கெடச்சா இனிமே சூப்பு குடிக்கிறதில்லன்னு சொல்லிக்கிட்டுத்தான் ரயில் ஏறுனேன். இங்க இருக்கிறதுல பாதிப் பேரு அப்படித்தான். வேல செஞ்சவன் மென்னு திங்கணும்."

அவன் போன பிறகு லுக்கேரியா மகளை உள்ளே இழுத்து, என்ன சொன்னான் என்று கேட்டாள். மவ்ரா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அவங்க ஊர்ல சூப்புன்னா வக்கத்தவங்களுக்கு ஊத்துறதாம்மா."

"இது சூப்பா?" என்றாள் மலான்யா. "யாருடி சூப்புன்னு சொன்னது அவனுக்கு? ஒரு வாரத்துப் பாலாடை கெடக்கு அதுல. வக்கத்தவன் வீட்டுப் பண்டமா இது? என் கல்யாணத்துக்கு இதத்தான் போட்டாங்க. என் புருஷனப் பொதச்சிட்டு வந்து இதத்தான் குடிச்சேன். அன்னைக்கெல்லாம் நான் சாப்பிடலையா, அப்ப?"

மவ்ரா அழுதாள். யார் சூப் என்று சொன்னது என்பதை அவள் சொல்லவில்லை.

வெளியே டன்பார் நிகிஃபோரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். நிகிஃபோருக்குப் பாதி இங்கிலீஷ் புரியும், கையையும் சேர்த்துப் பார்த்தால் முக்கால்வாசி. அவர் மேற்கே காட்டினார். அங்கே மேகம் தாழ்ந்து கிடந்தது. நாளைக்கோ மறுநாளோ மழை பிடித்தால் மெஷின் நிற்கிற இடத்தில் ஆட்கள் நாள்கணக்கில் கிடக்கவேண்டும், இந்தச் சாப்பாட்டுக்கு இங்கே கிடக்கமாட்டார்கள், விடியற்காலையில் மூட்டையைக் கட்டிவிடுவார்கள் என்றார். ராத்திரிச் சாப்பாடு சாப்பாடாக இருந்தால் நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். அப்புறம் முற்றத்தில் மேய்கிற கோழிகளைப் பார்த்தார். நிகிஃபோரும் பார்த்தான்.

நிகிஃபோர் உள்ளே வந்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னான். கோழியைப் பார்த்ததையும் சொன்னான்.

"நீ என்ன சொல்ற?" என்று லுக்கேரியா கேட்டாள்.

"அவரு சொன்னதச் சொன்னேன், லுஷா."

"அதான் கேட்டேனே. நீ என்ன சொல்ற?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான். மலான்யா தம்பி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கிழங்கு தோண்டப் போகிறேன் என்று தோட்டத்தின் கடைசிக்குப் போனாள். அங்கே கிழங்கு எல்லாம் போன வாரமே தோண்டியாகிவிட்டது.

லுக்கேரியா விறகு வெட்டுகிற கட்டையருகே போனாள். கோழியைப் பிடித்துத் தரும்படி மவ்ராவிடம் சொல்லவில்லை. தானே பிடித்தாள். தீவனம் போடுகிற கையாகையால் கோழிகள் ஓடாமல் காலடிக்கு வந்தன. முதல் கோழிக்கு இரண்டு வெட்டு தேவைப்பட்டது. கோடாலியை அவள் பாதியில் தளர்த்திவிட்டாள். அதற்கப்புறம் தளர்த்தவில்லை. ஐந்து முடிந்ததும் ரத்தம் தெறித்த சமையல் முன்துணியைக் கழற்றிப் புரட்டிக் கட்டிக்கொண்டாள்.

இறகு பிடுங்குவதற்கு முன்னால் கொதிக்கிற தண்ணீரில் முக்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. உலர்ந்தபடியே பிடுங்கினாள். தோல் கிழிந்து வந்தது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதி வீட்டில் முழுக்கோழியை அடுப்புக்குள் வைத்துச் சிவக்கச் சுட்டதைப் பார்த்திருக்கிறேன், அப்படித்தான் செய்வார்கள் என்று மவ்ரா சொன்னாள். எப்படி என்று கேட்டால் அவளுக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம், உள்ளே என்ன வைப்பது, ஒன்றும் தெரியவில்லை.

"அஞ்சு கோழி. பதினாலு பேரு. சுட்டு வச்சா யாருக்கு எதக் குடுக்குறது?" என்றாள் லுக்கேரியா.

அவள் யோசித்துப் பார்த்தாள். மத்தியானம் ஊற்றியது ருசியாக இருந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கிண்ணத்தைத் துடைத்துத் தின்றார்கள். கறி இல்லை என்பது மட்டும்தான் குறை. அதில் கறியைப் போட்டுவிட்டால் குறை தீர்ந்தது. எல்லாருக்கும் சமமாகவும் வரும். அண்டாவில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. அவளுக்கு இது சரியான யோசனையாகத்தான் பட்டது.

வயிற்றைக் கீறிக் குடலை மட்டும் எடுத்து வெளியே போட்டாள். ஈரலோடு ஒட்டிக்கொண்டு கொட்டைப்பாக்கு அளவில் ஒரு பச்சைப் பை இருந்தது. அது பித்தப்பை, அதை உடையாமல் எறிந்துவிடவேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள். உயிரை எடுத்தது எடுத்தாகிவிட்டது, அதில் ஒரு துண்டையாவது வீணாக்கக் கூடாது என்று நினைத்து, ஈரலை அதில் ஒட்டியிருந்ததோடு சேர்த்தே நறுக்கினாள். விரலில் பச்சையாக வழிந்ததை முன்துணியில் துடைத்துக்கொண்டாள். கோழிகளையும் துண்டுபோட்டு எல்லாவற்றையும் அண்டாவில் சரித்தாள்.

சமையலறையில் அதுவரைக்கும் யாரும் அறியாத ஒரு கவிச்சி வாடை எழும்பியது. மவ்ரா கதவைத் திறந்து வைத்தாள். லுக்கேரியா அண்டாவைக் கிளறினாள். பழக்கதோஷத்தில் மரக்கரண்டியில் மொண்டு ஊதி வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். கரண்டியைத் திரும்ப அண்டாவிலேயே கவிழ்த்தாள்.

"உப்பு பாக்கலியாம்மா?"

"கைக்குத் தெரியும்," என்றாள்.

கைப்பிடி உப்பை அள்ளி, கொஞ்சத்தை விரலிடுக்கில் உதிர்த்துவிட்டு, மீதியைப் போட்டாள்.

பொழுது இறங்குகிற நேரத்துக்கு ஆட்கள் வந்தார்கள். மேட்டு வயலில் மூன்றில் ஒரு பங்குதான் அடித்து முடிந்திருந்தது. துரு ஏறிய வைக்கோல் மெஷினின் வாயை அடைத்து அடைத்து நிறுத்திவிட்டது. எல்லாருக்கும் அலுப்பு. கோழி வாடையை வெளியிலேயே பிடித்துவிட்ட ஒருத்தன் மற்றவனை முழங்கையால் இடித்தான். கிளெம் லுக்கேரியாவைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்துத் தொப்பியைத் தொட்டான்.

கிண்ணங்கள் வந்தன. அவர்கள் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன், "திரும்பவும் சூப்பாடா," என்றான். தன்னை மறந்து சிரித்துவிட்டான். சிரிப்பு மேஜையைச் சுற்றி வந்தது. பரவாயில்லை, கறி இருக்கிறது என்று கிளெம் அவர்களை அதட்டிவிட்டு, கரண்டியால் துழாவி ஒரு தொடைத் துண்டை எடுத்து வாயில் வைத்தான்.

அவன் மெல்லுவதை நிறுத்தியதை லுக்கேரியா ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளங்கையில் துப்பினான். அந்தப் பக்கம் இன்னொருத்தன் பலகைக்கு அடியில் துப்பினான். டன்பார் இரண்டு கரண்டி விழுங்கினார், மூன்றாவதை எடுத்துக் கிண்ணத்திலேயே விட்டார். பிறகு ரொட்டியைப் பிட்டு உப்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ரொட்டித் தட்டு காலியாயிற்று. மவ்ரா இன்னும் இரண்டு ரொட்டி அறுத்துக் கொண்டுபோய் வைத்தாள். அவை மறுநாள் காலைக்கு வைத்தவை.

"என்னவாம் அவங்களுக்கு?" என்றாள் லுக்கேரியா.

"கசக்குதாம்மா."

"பொய் சொல்றாங்க. சூப்புன்னு சொல்லிட்டாங்கல்ல, இனி தேனக் குடுத்தாலும் கசக்கத்தான் செய்யும்."

தோட்டத்திலிருந்து திரும்பி வந்திருந்த மலான்யா மண் ஒட்டாத கூடையோடு கதவருகே நின்றாள். அவள் திட்டுவாள் என்று லுக்கேரியா காத்திருந்தாள். அவள் திட்டவில்லை.

"நீ ருசி பாக்கலியா?" என்று கேட்டாள்.

"எப்படிப் பாப்பேன் அக்கா?"

மலான்யா கூடையைக் கீழே வைத்தாள்.

விடிந்தபோது வானம் கூரைக்குமேல் வந்து உட்கார்ந்திருந்தது. ஆட்கள் பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நிகிஃபோர் மேட்டு வயலுக்கு ஓடினான். மவ்ராவும் பின்னால் ஓடினாள். இன்னும் ஒரே ஒரு நாள், மத்தியானம் வரைக்கும் மட்டுமாவது என்று நிகிஃபோர் சொல்லச் சொல்ல, மவ்ரா அதை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். டன்பார் டிராக்டர் மேலிருந்து இறங்கி நின்றுதான் பதில் சொன்னார்.

"உங்கப்பாகிட்டச் சொல்லும்மா. மழை வந்துட்டா இவங்க இங்க இருக்கமாட்டாங்க. ஆளுங்க போயிட்டா எனக்கு மெக்கின்னன் வயலும் போச்சு. காஞ்சதும் திரும்பி வர்றேன்னு சொல்லு."

அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. திரும்பி வரமாட்டார் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, நிகிஃபோருக்கும் தெரிந்திருந்தது, சொன்னதைத் திருப்பிச் சொன்ன மவ்ராவுக்கும் தெரிந்திருந்தது. முந்தின நாள் அடித்த சாக்குகளில் தன் பங்கை அவர் எடுக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று கையசைத்துவிட்டார். அது நிகிஃபோருக்கு இன்னும் கேவலமாக இருந்தது. அந்தச் சாக்குகளை ஒற்றைக் கையால் தூக்கலாம். அத்தனையும் பதர்.

டிராக்டர் மெஷினை இழுத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி, வீட்டைத் தாண்டி, மெக்கின்னன் வீட்டுச் சாலையில் திரும்பியது. வண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. கிளெம் மட்டும் பார்த்தான். அவனும் தொப்பியைத் தொடவில்லை. அது கண்ணுக்கு மறைவதற்குள் தூறல் விழத் தொடங்கிவிட்டது. வயலில் கூம்பு கூம்பாக நின்ற கட்டுகள் முதலில் சிவந்து, பிறகு கறுத்தன. ஒரு வாரம் இந்த மழை நின்று பெய்தால் கதிர் நின்ற நிலையிலேயே முளைத்துவிடும். நிகிஃபோர் வீட்டுக்கு வரவில்லை. ஒரு கூம்பின் மேல் சாக்கைப் போட்டு மூடினான். அப்புறம் சாக்குக் கிடைக்காமல் தன் கோட்டைக் கழற்றி இன்னொன்றின் மேல் போட்டான். மற்ற நூறு கூம்புகளுக்கு நடுவில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். மவ்ரா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

சமையலறையில் அண்டா முக்கால்வாசி நிறைந்து இருந்தது. மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. அந்த வீட்டில் அண்டாவில் அப்படி எதுவும் உறைந்து யாரும் பார்த்ததில்லை. இதை எடுத்துக் குழி தோண்டிக் கொட்டிவிடலாம், அண்டாவையும் சாம்பல் போட்டு ஏழு தடவை தேய்க்கவேண்டும் என்றாள் மலான்யா. தேய்த்தாலும் இனிமேல் இதில் ஆக்கிக் கூட்டு ஜெபத்துக்குக் கொண்டுபோக முடியாது என்றாள். குரலில் வழக்கமான காரம் இல்லை. என்ன செய்யவேண்டும் என்று யோசித்துக்கொண்டே பேசுகிறவள் மாதிரிப் பேசினாள்.

லுக்கேரியா ஆணியில் தொங்கிய மரக்கரண்டியை எடுத்தாள். உறைந்த கொழுப்பை ஓரமாக ஒதுக்கினாள். அடியிலிருந்து மொண்டாள்.

"வேணாம் லுஷா."

அவள் கேட்கவில்லை. வயல் போயிற்று, விதை போயிற்று, ஐந்து உயிர் போயிற்று. எதனால் போயிற்று என்றாவது தெரிந்துகொள்ளவேண்டும் என்று இருந்தது அவளுக்கு. அந்தப் பதினாலு பேர் பொய் சொன்னார்களா, நிஜம் சொன்னார்களா. அவள் கரண்டியை வாயில் வைத்தாள்.

முதலில் பாலாடை வந்தது. அப்புறம் சதகுப்பை. அது அவள் கைச்சமையல்தான், சந்தேகமே இல்லை. அப்புறம் நாக்கின் அடியிலிருந்து அந்தக் கசப்பு ஏறியது. தொண்டை வரைக்கும் ஏறி, காதோரம் வரைக்கும் போய், கண்ணில் நீர் முட்டியது. துப்பிவிடலாம். அவள் துப்பவில்லை. விழுங்கினாள்.

கூரையில் மழை சத்தமாக விழுந்தது. மலான்யா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தணிந்த குரலில், எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

லுக்கேரியா கரண்டியை முன்துணியில் துடைத்தாள்.

"உப்பு சரியாத்தான் இருக்கு அக்கா," என்றாள்.